மங்கோலிய தேசமும் அதன் தலைவர்களும்

(பொதுக்கூட்டம் ஒன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், மங்கோலிய தேசத்து மக்கள் காலத்துக்குக் காலம் யார் யாரைத் தங்கள் தலைவர்களாக ஏற்று வந்தார்கள், எதைச் சொல்லி ஏற்கும்படி செய்யப்பட்டார்கள் என்பதாகும். “நம்மூர்ச் சங்கதி எவ்வளவோ கிடக்க, எங்கோ இருக்கிற மங்கோலியா நமக்கு எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். ஒரு மனிதனை மற்ற மனிதர்கள் தலைவன் என்று கும்பிடும்படி செய்வதற்கு உலகத்தில் என்னென்ன தந்திரங்கள் உண்டோ, அவற்றில் பெரும்பாலானவை அந்த ஒரே தேசத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து முடிந்திருக்கின்றன. ஆனதால் அந்தத் தந்திரங்களை ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறவனுக்கு அதைவிட வசதியான தேசம் வேறு கிடைக்காது.

மங்கோலியா ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் நடுவே இருக்கிறது. விஸ்தீரணத்தில் ஏறக்குறைய இந்தியாவில் பாதி. ஜனத்தொகையோ சுமார் 35 லட்சந்தான். ஆடு, மாடு, குதிரை, ஒட்டகங்கள் மனிதரைப்போல் பல மடங்கு அதிகம். கம்பளிக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு புல் இருக்கும் இடத்துக்குப் போய் வாழ்வது அவர்கள் வழக்கம். நம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கும் ‘மொகலாயர்’ என்ற பெயரே மங்கோலியர் என்ற பெயரிலிருந்து வந்ததுதான். பாபர் தன் தாய் வழியில் செங்கிஸ்கான் வம்சத்தவர் என்று பெருமை பேசிக்கொண்டவர்.

அந்தச் செங்கிஸ்கானிடமிருந்தே தொடங்குவோம். அவருக்கு இயற்பெயர் தெமுஜின். தகப்பனைப் பகைவர்கள் விஷம் வைத்துக் கொன்றபின், உறவினரால் கைவிடப்பட்டு, காட்டுக் கிழங்கும் மீனும் தின்று வளர்ந்த பிள்ளை. தன் புத்தியாலும், தைரியத்தாலும், கொலைக்கு அஞ்சாத நெஞ்சாலும் சிதறிக் கிடந்த கூட்டங்களையெல்லாம் அடக்கினார். 1206-ம் வருடத்தில் ஓனோன் ஆற்றங்கரையில் கூட்டத் தலைவர்கள் எல்லோரும் கூடி அவரைக் கான் என்று ஏற்றார்கள். இந்தக் கூட்டத்திற்கு அவர்கள் பாஷையில் குரில்தாய் என்று பெயர். அதாவது முதல் தலைவர், அவரது காரியத்தைக் கண்ணால் பார்த்த மனிதர்கள் கூடி ஒப்புக்கொண்டதால் தலைவரானவர். (சாதாரண ஆடு மேய்ப்பவனை யாரும் அந்தக் கூட்டத்தில் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.)

அத்துடன் விட்டார்களா என்றால் இல்லை. மனிதர் ஒப்புக்கொண்டது போதாது, வானமும் ஒப்புக்கொண்டதாகச் சொன்னால்தான் ஜனங்கள் வாய் மூடிக் கிடப்பார்கள் என்று கண்டார்கள். அதற்கு ஒரு சாமியாடி தயாராக இருந்தான். அவன் பெயர் கொகொச்சு. ஜனங்கள் அவனைத் தெப் தெங்கிரி என்பார்கள். வானத்துக்குப் போய்வருவதாகவும், தெமுஜினுக்கு உலகத்தைக் கொடுத்தாயிற்று என்று வானமே தன்னிடம் சொன்னதாகவும் அவன் பிரசாரம் செய்தான். செங்கிஸ்கானுக்கும் அது வசதியாக இருந்ததால் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார்.

தோழர்களே, இப்படிப்பட்ட சாமியாடிக்கு இடங்கொடுத்தால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. “உன்னைக் கான் ஆக்கியது வானம். வானத்தின் வாய் நான். ஆகவே உன்னை ஆக்கியவன் நான்” என்ற கணக்குக்கு அவன் வந்துவிட்டான். அவனும் அவன் சகோதரர்களும் சேர்ந்து கானுடைய தம்பி கசாரை அடித்தார்கள். பிறகு அவன் கானிடமே போய், “ஒரு தரம் தெமுஜின் ஆளுவான் என்றும், மறுதரம் கசார் ஆளுவான் என்றும் வானம் சொல்லுகிறது” என்று கோள் மூட்டினான். உலகத்தையே நடுங்க வைத்தவர் இதைக் கேட்டு நடுங்கி, இரவோடு இரவாகப் போய்த் தம்பியைக் கட்டிப் போட்டார். கிழவியான தாய் ஹோயலூன் வண்டி கட்டிக்கொண்டு வந்து, “நீங்கள் இருவரும் குடித்தது இந்தப் பால்தானே?” என்று தன் மார்பைக் காட்டி அழுது கேட்ட பிறகே கட்டு அவிழ்ந்தது. பின்னர் கடைசித் தம்பி தெமுகேயையும் அந்தச் சாமியாடிக் கூட்டம் மண்டியிட வைத்தபோது, கானின் மனைவி போர்த்தே, “நீர் உயிரோடு இருக்கும்போதே உமது தம்பிகளுக்கு இந்தக் கதி என்றால், நாளை எங்கள் பிள்ளைகளுக்கு என்ன கதி?” என்று கேட்டார். அந்த அம்மாளின் கேள்வி வேலை செய்தது. வெளியே நின்ற மூன்று பலசாலிகள் தெப் தெங்கிரியின் முதுகெலும்பை முறித்தார்கள்.

இதில் நாம் கவனிக்கவேண்டியது அதற்கு அப்புறம் நடந்தது. பிணத்தின் மேல் ஒரு கூடாரத்தைப் போட்டு வைத்தார்கள். மூன்றாம் நாள் பிணம் காணவில்லை, புகை போகும் துவாரத்தின் வழியாய் மேலே போய்விட்டது என்றார்கள். செங்கிஸ்கான் என்ன சொன்னார்? “இவன் ஏமாற்றுக்காரன், அதனால் கொன்றேன்” என்றா சொன்னார்? இல்லை. “வானத்துக்கு அவனைப் பிடிக்கவில்லை, எடுத்துக்கொண்டது” என்றார். சாமியாடியை ஒழித்தார். ஆனால் சாமியாடியின் மூட்டையை மாத்திரம் தாமே தோளில் தூக்கிக்கொண்டார். இந்தக் கதை பகைவர் எழுதியதல்ல. மங்கோலியர் தங்கள் வம்சத்தைப் பற்றித் தாங்களே எழுதி வைத்த இரகசிய சரித்திரம் என்ற பழைய நூலில் உள்ளது. அதே நூல்தான் அந்த வம்சம் நீல ஓநாயிலிருந்து பிறந்தது என்றும், ஒரு விதவையின் வயிற்றில் ஒளி புகுந்து பிள்ளை உண்டாயிற்று என்றும் எழுதுகிறது. நம் நாட்டு ராஜாக்கள் சூரியனுக்கும் சந்திரனுக்கும் பிறந்தது போலத்தான்.

1227-ல் செங்கிஸ்கான் செத்தார். பிறகு ஒகதாய், கூயுக், மோங்கே, குப்ளாய் என்று பிள்ளைகளும் பேரன்களும் ஆண்ட கதையை நாம் விரிக்கப் போவதில்லை. எந்த மதத்துக் குருவானாலும் கானுக்காகப் பிரார்த்தித்தால் வரி இல்லை என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். எந்தக் கடவுளிடமும் கொஞ்சம் முதல் போட்டு வைப்போம் என்ற வியாபாரி புத்தி அது. 1271-ல் குப்ளாய் சீன முறையில் தன் ராஜ வம்சத்துக்கு யுவான் என்று பெயர் வைத்தார். 1368-ல் சீனர்கள் அந்த வம்சத்தைத் துரத்தினார்கள். கான்களின் சந்ததிகள் பழையபடி புல்வெளிக்கு வந்து ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள்.

தாய்மார்கள் வந்திருப்பதால் ஒன்று சொல்லவேண்டும். இந்த முரட்டு ஜனங்களிடையே விதவையைத் தரித்திரம் என்று மூலையில் உட்கார வைக்கும் வழக்கம் இல்லை. ஒகதாய் செத்தபின் அவர் மனைவி தொரகெனே 1241 முதல் 1246 வரை உலகத்திலேயே பெரிய ராஜ்யத்தை நடத்தினாள். பதினைந்தாம் நூற்றாண்டின் முடிவில் மந்துகை என்ற ராணி, புருஷன் செத்தபின், சிறு பிள்ளையாயிருந்த தயான் கானைச் சிம்மாசனத்தில் வைத்துத் தானே படை நடத்திச் சிதறிய ஜனங்களை ஒன்று சேர்த்தாள். முகூர்த்தத்துக்குக்கூட விதவை எதிரே வரக்கூடாது என்கிற நம்மவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இனி அடுத்த தந்திரத்துக்கு வருவோம். வாளால் பிடித்த தலைமைக்கு ஓர் ஆபத்து உண்டு. வாள் எவன் கையிலும் இருக்கலாம். செங்கிஸ்கான் வம்சத்தார் நூற்றுக்கணக்கில் பெருகிவிட்டபின் “நானும் அவர் வம்சந்தான்” என்று சொல்லாதவன் இல்லை. இவர்களில் அல்தான் கான் என்பவர் பலசாலி. ஆனால் பெரிய கான் பட்டத்துக்கு உரிய மூத்த வழியைச் சேர்ந்தவரல்ல. அவர் 1578-ல் திபெத்திலிருந்து சோனாம் கியாட்சோ என்ற புத்த குருவை அழைத்து, அவருக்குத் தலாய் லாமா என்று பட்டம் கொடுத்தார். தலாய் என்பது சமுத்திரத்துக்கு மங்கோலியச் சொல். குரு சும்மா இருப்பாரா? அல்தான் கான் முன் பிறவியில் குப்ளாய் கான் என்றும், தாம் முன் பிறவியில் குப்ளாயின் குரு என்றும் கண்டுபிடித்துச் சொன்னார். நீ என்னைச் சமுத்திரம் என்று சொல், நான் உன்னைச் சக்கரவர்த்தி என்று சொல்கிறேன் என்ற பண்டமாற்று. அந்தத் தலாய் லாமா செத்தபின் அவர் ஆத்மா எங்கே போய்ப் பிறந்தது தெரியுமா? அல்தான் கானின் கொள்ளுப் பேரனாக 1589-ல் பிறந்தது! ஏன் தோழர்களே, ஓர் ஆடு மேய்ப்பவன் கூடாரத்தில் போய்ப் பிறக்க அந்த ஆத்மாவுக்கு வழி தெரியவில்லையா?

இத்துடன் சரித்திரத்தையும் திருத்தினார்கள். 1662-ல் சகாங் செச்சென் என்ற பிரபு எழுதிய நூலில், செங்கிஸ்கானின் வம்சம் திபெத்து ராஜாக்கள் வழியாக இந்தியாவின் ஆதி ராஜாவான மகாசம்மதன் வரைக்கும் போகிறது. ஓநாய்க்குப் பிறந்தவர்கள் இப்போது நம் ஊர்க்காரர்களாகிவிட்டார்கள். மகாசம்மதன் என்றால் பலரால் சம்மதிக்கப்பட்டவன் என்று அர்த்தம். ஜனங்கள் சம்மதித்து வைத்தவன் என்கிற பௌத்தக் கதையின் ராஜாவையும் பிடித்து இரத்த வாரிசுக்கு முதல் ஆள் ஆக்கிவிட்ட சாமர்த்தியத்தைப் பாருங்கள்.

வடக்கு மங்கோலியாவில் கல்கா என்ற பெரும் பிரிவினர் இருந்தார்கள். அவர்களுடைய தூஷேத் கான் தன் சிறு பிள்ளை ஜனபஜாரையே புனித குருவின் மறுபிறவி என்று ஏற்கச் செய்தார். அவர்தான் முதலாவது ஜெப்சுன்தம்பா. அவர் நல்ல சிற்பி. அவர் வார்த்த வெண்கலச் சிலைகள் இன்றும் வெகு அழகானவை என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் 1691-ல் கல்காப் பிரபுக்களைச் சீனாவை ஆண்ட மஞ்சூ சக்கரவர்த்தியின் காலடியில் கொண்டுபோய் விட்டதிலும் அவருக்குப் பங்குண்டு. இரண்டாவது ஜெப்சுன்தம்பாவும் அதே குடும்பத்தில்தான் பிறந்தார்.

1756-ல் மங்கோலியர் மஞ்சூ ஆட்சியை எதிர்த்துக் கலகம் செய்தார்கள். கலகம் அடக்கப்பட்டது. குருவும் பிரபுவும் ஒரே வீட்டில் பிறந்தால் ஆபத்து என்று மஞ்சூ சக்கரவர்த்திக்குத் தோன்றிற்று. இனிமேல் ஜெப்சுன்தம்பாவின் மறுபிறவி திபெத்தில்தான் கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்று உத்தரவு போட்டார். உடனே ஆத்மா அதற்குக் கீழ்ப்படிந்தது! மூன்றாவது முதல் எட்டாவது வரை ஆறு ஜெப்சுன்தம்பாக்களும் தவறாமல் திபெத்திலேயே பிறந்தார்கள். பீகிங்கில் எழுதிய உத்தரவை மேலுலகத்தில் எந்த குமாஸ்தா படித்துக் காட்டினாரோ தெரியவில்லை. இதன் பலன் என்ன? ஒரு ஜனசமூகம் தனக்கு மேலான தலைவன் என்று வணங்கிய ஆள், அந்த ஜனங்களின் பாஷையில் ‘அம்மா’ என்று சொல்லி வளர்ந்தவனாகக்கூட இல்லை.

எட்டாவதாக வந்தவரின் காலந்தான் முக்கியமானது. திபெத்தில் பிறந்து, 1874-ல் சிறு பிள்ளையாக உர்கா என்ற தலைநகருக்குக் கொண்டுவரப்பட்டவர். அப்போது மங்கோலியாவில் ஆண்மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லாமாக்கள். அதாவது உழைக்கிற வயதுள்ள மூன்று ஆண்களில் ஒருவன் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தான். மடத்துக்கு ஆயிரக்கணக்கான அடிமைக் குடிகள். பிரபுக்கள் சீன வியாபாரிகளிடம் வாங்கிய கடனை மந்தை மந்தையாகக் குடியானவன் அடைத்துக்கொண்டிருந்தான். புனிதரோ பெண்ஜாதி வைத்துக்கொண்டார், குடித்தார், யானை வாங்கி வைத்துக்கொண்டார். பெண்ஜாதி வைத்துக்கொண்டதை நாம் குற்றம் சொல்லவில்லை. மற்றவனுக்குப் பிரமசரியம் உபதேசித்துக்கொண்டு வைத்துக்கொண்டதைத்தான் சொல்கிறோம்.

1911-ல் சீனாவில் மஞ்சூ ஆட்சி கவிழத் தொடங்கியது. அதே டிசம்பரில் மங்கோலியப் பிரபுக்களும் லாமாக்களும் சுதந்திரம் என்று விளம்பரம் செய்து, இந்தத் திபெத்தியரையே போக்து கான், அதாவது புனித ராஜா, என்று சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள். அவர் ஆட்சிக்கு வைத்த பெயர் ‘பலராலும் உயர்த்தப்பட்டவர்’ என்பதாகும். எந்தப் பலர்? ஆடு மேய்த்தவனா, அடிமைக் குடியா? ராஜாவுக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருந்தது. பார்வை திரும்புவதற்காக, எல்லாத் திசையும் பார்க்கும் அவலோகிதேசுவரர் என்ற தெய்வத்துக்கு உர்காவில் மாபெரும் விக்கிரகம் செய்து நிறுத்தினார்கள். எல்லாம் பார்க்கிற தெய்வம் நின்றுகொண்டே இருந்தது. ராஜாவோ கண் தெரியாமலே செத்தார். அவ்வளவு பொருளில் ஊருக்கு ஒரு வைத்தியசாலை கட்டியிருக்கலாமே என்று கேட்க அங்கே அப்போது ஆள் இல்லை.

1919-ல் சீனப் படை வந்து அந்தச் சுதந்திரத்தைப் பிடுங்கிக்கொண்டது. 1921 பிப்ரவரியில் ஊங்கெர்ன் என்ற ரஷ்யப் பிரபு ஒரு கொலைகாரப் படையோடு வந்து சீனரைத் துரத்தினான். ஜனங்கள் நெருப்பிலிருந்து தப்பி எண்ணெய்ச் சட்டியில் விழுந்தார்கள். இதற்கிடையே சில வாலிபர்கள் கூடி இரகசியக் கட்சி அமைத்தார்கள். அவர்களில் ஒருவர் சுக்பாத்தர். ஏழை வீட்டுப் பிள்ளை, தபால் குதிரை ஓட்டியவர், சிப்பாய், பிறகு அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவர். நம் பத்திரிகையின் எழுத்தைக் கோக்கிற தோழர்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்படலாம். இன்னொருவர் சோய்பல்சான். புருஷனில்லாத ஏழைத் தாயின் பிள்ளை. மடத்தில் லாமாவாக விடப்பட்டு அங்கிருந்து ஓடிப்போனவர்.

இந்த வாலிபர்கள் 1920-ல் ரஷ்யாவுக்கு உதவி கேட்கப் போனபோது போக்து கானின் முத்திரை குத்திய கடிதத்தைத்தான் கொண்டுபோனார்கள். சவுக்குக் கைப்பிடிக்குள் ஒளித்துக் கொண்டுபோனார்கள் என்பார்கள். பழைய தெய்வத்தின் முத்திரை இல்லாமல் புதிய காரியம் செல்லாது என்ற நிலைமை. 1921 ஜூலையில் ரஷ்யச் செம்படையோடு உர்காவுக்குள் வந்து மக்கள் அரசாங்கம் என்று அமைத்தபோதும் புனித ராஜாவை அதிகாரம் இல்லாத ராஜாவாக விட்டே வைத்தார்கள். அவர் 1924 மே மாதத்தில் செத்தார். மறுபிறவி தேட வேண்டாம் என்று விட்டுவிட்டு, அந்த நவம்பரில் ராஜா இல்லாத குடியரசு என்று சட்டம் செய்தார்கள். முந்நூறு வருடமாகப் பிறந்துகொண்டே இருந்த ஆத்மாவின் யாத்திரை ஒரு தீர்மானத்தில் நின்றது. உர்காவுக்கு ‘செந்நிற வீரன்’ என்று பொருள்படும் உலான்பாத்தர் என்று பெயர் மாறியதும் அப்போதுதான்.

இது வரைக்கும் கேட்ட நம் தோழர்களுக்கு உற்சாகமாய் இருக்கும். இங்கே கை தட்டி முடித்துவிட்டால் நமக்கும் சுலபம். ஆனால் பிறகு நடந்ததை மறைத்துவிட்டுப் போனால் நாம் பகுத்தறிவு பேசுகிறவர்கள் ஆகமாட்டோம், புராணம் படிக்கிறவர்கள் ஆவோம்.

மக்கள் அரசாங்கத்தின் முதல் காலப் பிரதம மந்திரியாக இருந்தவர் போதோ. பெண்களின் பழங்காலத் தலையலங்காரங்களைப் பலவந்தமாகக் கத்தரிக்கச் செய்தார் என்று அவர்மேல் புகார் வந்தது. பதவி போனதோடு நிற்கவில்லை. 1922-ல் சதிகாரன் என்று சுட்டுக் கொன்றார்கள். சுக்பாத்தர் 1923-ல் முப்பது வயதில் நோயால் செத்தார். கட்சித் தலைவர் தன்சானை 1924-ல் கட்சி மகாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே சுட்டுக் கொன்றார்கள்.

நம் பெரியார் அவர்கள் ரஷ்யா சென்று பார்த்து வந்தது 1932-ல். அதே 1932-ல் மங்கோலியாவில் என்ன நடந்தது? அதற்கு முன் இரண்டு மூன்று வருடங்களாக, ரஷ்யாவைப் பார்த்து, மேய்ச்சல்காரனின் மந்தைகளைப் பொதுவாக்குகிறோம் என்று பிடுங்கினார்கள். கால்நடையில் மூன்றில் ஒரு பங்கு அழிந்தது. மடங்களின் மேலும் கைவைத்தார்கள். ஜனங்கள் லாமாக்களோடு சேர்ந்து கலகத்தில் இறங்கினார்கள். ஆயிரக்கணக்கானவர் செத்தார்கள். லாமாவால் சுரண்டப்பட்டவனே ஏன் லாமாவோடு சேர்ந்தான்? லாமா அவன் பொருளில் பாதியைத்தான் எடுத்தான், புதிய அதிகாரி முழுவதையும் எடுத்தான். அதுதான் காரணம்.

பிறகு பிரதம மந்திரியாக இருந்த கெந்தன் என்பவர் ஏழை மேய்ச்சல்காரர். லாமாக்களை அடியோடு ஒழி என்று ஸ்டாலின் நெருக்கியபோது அவர் இணங்கவில்லை. 1935-ல் மாஸ்கோவில் நேருக்கு நேர் சண்டை போட்டதாகவும், ஸ்டாலினின் சுங்கானையே உடைத்ததாகவும் சொல்வார்கள். 1936-ல் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1937 நவம்பரில் மாஸ்கோவில் சுட்டார்கள். அவருக்குப் பின் வந்த பிரதம மந்திரி அமரையும் மாஸ்கோவுக்குக் கொண்டுபோய் 1941-ல் சுட்டார்கள். மடத்திலிருந்து ஓடிவந்த சோய்பல்சான் 1939 முதல் தனி அதிகாரி ஆனார். 1937-ல் தொடங்கி ஒன்றரை வருடத்துக்குள் அந்தச் சிறிய தேசத்தில் இருபதாயிரம் பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் லாமாக்கள். எழுநூறு மடங்களுக்கு மேல் மூடப்பட்டன, அல்லது இடிக்கப்பட்டன.

“லாமாக்கள் ஒழிந்தால் உங்களுக்கு என்ன? நீங்கள்தானே புரோகிதம் ஒழிய வேண்டும் என்கிறீர்கள்?” என்று நம்மைக் கேட்பவர்கள் உண்டு. புரோகிதம் ஒழிய வேண்டும் என்பது வேறு, புரோகிதனைக் குழியில் தள்ளிச் சுடுவது வேறு. கேள்வி கேட்டு, கேட்கிறவனின் புத்தியில் புரட்டை விளங்க வைத்து ஒழிப்பதுதான் நம் வேலை. துப்பாக்கி எந்தக் கேள்வியும் கேட்பதில்லை. யாருக்கும் எதையும் விளக்குவதும் இல்லை. இருபதாயிரம் பேரைக் கொன்ற பிறகாவது தெய்வம் ஒழிந்ததா? 1944-ல் அரசாங்கமே ஒரு மடத்தைத் திறந்து காட்சிக்கு வைத்தது. விக்கிரகங்களைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தவர்கள் ஐம்பது வருடம் கழித்து வெளியே எடுத்தார்கள். மதம் அப்படியே இருந்தது. கேள்வி கேட்கிற பழக்கம் மாத்திரம் செத்துப்போயிற்று. ஏனெனில், லாமாவைச் சுட்ட அதே துப்பாக்கி, உபாத்தியாயரையும், எழுத்தாளரையும், ‘ஏன்?’ என்று கேட்ட மந்திரியையும் சுட்டது.

அந்த ஆட்சி செய்த நன்மையையும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் இல்லாத தேசத்தில் பள்ளிக்கூடம் வைத்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகப் படிப்புக் கொடுத்தார்கள். எழுத்துத் தெரியாதிருந்த ஜனங்களில் இன்று ஏறக்குறைய எல்லோருக்கும் எழுதப் படிக்கத் தெரியும். 1942-ல் சர்வகலாசாலை ஏற்பட்டது. சுக்பாத்தரின் விதவை யஞ்சிமா 1953, 54-ல் குடியரசின் தலைமைப் பீடத்திலேயே உட்கார்ந்தாள். முப்பது வருடம் விதவையாக இருந்த பெண்ணை ஒரு தேசம் தன் தலைவராக வைத்தது. இதை நாம் எந்த மேடையிலும் பாராட்டுவோம்.

ஆனால் ஓட்டு என்று ஒன்று வைத்தார்கள். 1945 அக்டோபரில் சுதந்திரம் வேண்டுமா என்று கேட்டபோது 4,87,409 பேர் வேண்டும் என்றார்கள், வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லையாம்! சுதந்திரம் வேண்டும் என்பது ஜனங்களின் உண்மையான எண்ணந்தான். ஆனால் ஒரு கிராமத்தில் கோயில் திருவிழாவுக்கு நாள் குறிப்பதில்கூட நூறு பேரில் பத்துப் பேர் வேறு சொல்கிற உலகத்தில், ஐந்து லட்சம் பேரில் ஒருவன்கூட வேறு சொல்லவில்லை என்றால் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் யார் நின்றான் என்று கேட்கத் தோன்றுமா தோன்றாதா? 1952-ல் சோய்பல்சான் செத்ததும் அவர் உடலையும் சுக்பாத்தர் உடலையும் தலைநகர் மைதானத்தில் கட்டிய சமாதியில் வைத்தார்கள். மடத்தை இடித்தவர்களே புதிய கோயில் கட்டினார்கள்.

அடுத்து வந்த செதன்பால் முப்பத்திரண்டு வருடம் ஆண்டார். 1962-ல் செங்கிஸ்கான் பிறந்த 800-வது வருடக் கொண்டாட்டத்துக்கு ஏற்பாடு செய்த குற்றத்துக்காகக் கட்சித் தலைவர்களில் ஒருவரான தோமோர் ஓச்சிர் விரட்டப்பட்டார். ரஷ்யாவுக்குப் பிடிக்காத பாட்டன் பெயரைச் சொல்லக்கூடாது! 1984-ல் செதன்பால் மாஸ்கோவில் இருக்கும்போதே, உடம்பு சரியில்லை என்று சொல்லி அவரையே இறக்கிவிட்டார்கள். முன்பு பீகிங்கிலிருந்து ஆத்மாவுக்கு உத்தரவு வந்தது. இப்போது மாஸ்கோவிலிருந்து உடம்புக்கு உத்தரவு வந்தது.

1989 டிசம்பர் 10-ந் தேதி, கடுங்குளிரில், சுமார் இருநூறு வாலிபர்கள் தலைநகரில் கூடினார்கள். சோரிக் என்ற இளம் உபாத்தியாயர் அவர்களில் முக்கியமானவர். சில வாரங்களில் கூட்டம் ஆயிரம் ஆயிரமாகப் பெருகிற்று. 1990 மார்ச் 7-ல் பத்துப் பேர் மைதானத்தில் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். அப்போது தலைவராக இருந்தவர் பத்முங்க். படையை ஏவ உத்தரவில் கையெழுத்துப் போடும்படி அவரைக் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அவரும் அவரது சகாக்களும் ராஜினாமா செய்தார்கள். போதோவைச் சுட்டார்கள், தன்சானைச் சுட்டார்கள், கெந்தனைச் சுட்டார்கள், அமரைச் சுட்டார்கள். பத்முங்க் வீட்டுக்குப் போய்த் தன் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு 1997-ல் நோயால் செத்தார். சாதாரணமாகச் செத்தார் என்பதே அந்த நாட்டில் ஒரு பெரிய முன்னேற்றம்.

1990-ல் பல கட்சிகள் நின்ற தேர்தல் நடந்தது. 1992-ல் புதிய அரசியல் சட்டம் வந்தது. 1993-ல் ஜனங்களே நேராக ஓட்டுப் போட்டுக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பழைய கட்சி தன் சொந்த ஆளான ஓச்சிர்பாத்தை நிறுத்த மறுத்தது. எதிர்க்கட்சியினர் அவரை நிறுத்தினார்கள், அவரே ஜெயித்தார். 1921 முதல் ஆண்ட கட்சி 1996-ல் தோற்றது. 2000-ல் அதே கட்சி 76 இடங்களில் 72-ஐப் பிடித்துத் திரும்பி வந்தது. இப்படி வருவதும் போவதுமாய் இருக்கிறது. எல்லாம் நன்றாகிவிட்டது என்று சொல்லவில்லை. சோரிக்கைப் பிரதம மந்திரியாக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்த 1998 அக்டோபரில் அவர் வீட்டிலேயே குத்திக் கொன்றுவிட்டார்கள். அவர் இடத்துக்கு அவர் தங்கை ஓயுன் நின்று ஜெயித்தார். சுரங்கப் பணம், நிலக்கரித் திருட்டு, லஞ்சம் என்று வேண்டிய மட்டும் இருக்கிறது. 2022 டிசம்பரில் உறைபனியில் நின்று ஜனங்கள் அதற்காகக் கூச்சல் போட்டார்கள்.

பழைய மூட்டைகளும் திரும்பி வருகின்றன. 2005-ல் மைதானத்துச் சமாதியை எடுத்துவிட்டு, 2006-ல் அதே இடத்தில் செங்கிஸ்கான் சிலையை வைத்தார்கள். 2008-ல் ஊருக்கு வெளியே நாற்பது மீட்டர் உயரத்தில் அவர் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும்படி இன்னொன்றும் கட்டினார்கள். கண் பார்வைக்காக வைத்த அவலோகிதேசுவரரையும் 1996-ல் புதிதாகச் செய்து நிறுத்தியாயிற்று. ஒன்பதாவது ஜெப்சுன்தம்பா திபெத்தில் பிறந்தவர் என்று 1991-ல் விளம்பரம் ஆயிற்று. அவர் 2012-ல் செத்தார். பத்தாவது ஆள் மங்கோலியாவிலேயே பிறந்திருக்கிறார் என்று 2016-ல் தலாய் லாமா சொன்னார். மஞ்சூ சக்கரவர்த்தியின் உத்தரவு காலாவதியானது ஆத்மாவுக்கும் தெரிந்துவிட்டது போலும். 2023 மார்ச்சில் நம் நாட்டுத் தர்மசாலையில் சுமார் எட்டு வயதுப் பிள்ளையைத் தலாய் லாமா பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினார்கள்.

ஆனால் அந்தப் பிள்ளையை ராஜாவாக்க இன்று அங்கே சட்டம் இல்லை. மதஸ்தாபனம் அரசியல் காரியம் செய்யக்கூடாது, அரசாங்கம் மதக் காரியம் செய்யக்கூடாது என்று 1992-ம் வருடத்துச் சட்டம் சொல்கிறது. 2025 மே மாதத்தில், பிரதம மந்திரி ஓயுன் எர்தெனேயின் மகன் ஆடம்பரமாய்ச் செலவு செய்வதைக் கண்ட வாலிபர்கள், “இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? கணக்குக் காட்டு” என்று அதே மைதானத்தில் நாள்தோறும் கூடிக் கேட்டார்கள். விஷயம் பார்லிமெண்டுக்குப் போயிற்று. 126 அங்கத்தினர்களில் 64 பேருடைய நம்பிக்கை அவருக்கு வேண்டியிருந்தது. ஜூன் 3-ந் தேதி எண்ணிப் பார்த்தார்கள். 44 தான் இருந்தது. அவர் பதவியை விட்டு இறங்கினார்.